அரிப்பைத் தாங்கும் நிக்கல் உலோகக்கலவைகள்

நிக்கலுடன் செம்பு, குரோமியம், மாலிப்டினம் முதலியவற்றைச் சேர்த்து உருக்கப்படும் உலோகக்கலவைகள். கடல்நீர், அமிலம், கொதிநீராவி ஆகியவற்றுக்குச் சாதாரண எஃகு ஈடுகொடுக்காத இடங்களில் பயன்படுகின்றன. எல்லாவற்றையும் தாங்கும் கலவை என்று இவற்றில் எதுவும் இல்லை. இவற்றின் வரலாறே, ஒவ்வொரு கலவையும் எங்கே தோற்றது என்று கண்டு அடுத்ததைச் செய்த வரலாறுதான்.

நிக்கலைத் தனித் தனிமமாக 1751-இல் இனங்கண்டவர் ஸ்வீடனின் அக்செல் குரோன்ஸ்டெட். கனடாவின் சட்பரி வட்டாரத் தாதுவில் நிக்கலும் செம்பும் கலந்தே கிடைக்கின்றன. அவற்றைப் பிரிப்பது அன்று பெருஞ்செலவு. பிரிக்காமலே சேர்த்து உருக்கலாம் என்று 1905-இல் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தின் ராபர்ட் ஸ்டான்லி செய்து காட்டினார். நிறுவனத் தலைவர் ஆம்ப்ரோஸ் மோனலின் பெயரால் அது 'மோனல்' ஆயிற்று. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிக்கல். எஞ்சியதில் பெரும்பகுதி செம்பு. ஓடும் கடல்நீரையும், கண்ணாடியையே கரைக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தையும் தாங்குவதால் பம்புத் தண்டுகள், வால்வுகள், அமில ஆலைக் கலன்கள் இதில் செய்யப்பட்டன.

1915-இல் அமெரிக்காவில் 'ஸீ கால்' என்ற உல்லாசப் படகின் உடலை மோனல் தகட்டால் போர்த்தினார்கள். உள்ளே சட்டம் எஃகு. உப்புநீரில் தொட்டுக்கொண்டிருக்கும் இரு உலோகங்கள் ஒரு மின்கலமாகிவிடும். அதில் எளிதில் அரிபடும் உலோகமே கரையும். மோனல் அப்படியே இருக்க, எஃகு அரித்துப்போய், சில வாரங்களிலேயே படகு உடைப்புக்குப் போனது. அரிப்புப் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு வேறு மருந்து தேவைப்பட்டது. 1920-களில் இண்டியானாவின் கோகோமோ நகரில் ஹேன்ஸ் ஸ்டெல்லைட் நிறுவனம் உருவாக்கிய ஹேஸ்டலாய் வரிசையில், 'பி' வகையில் 28 சதவீத அளவுக்கு மாலிப்டினம் உண்டு. கொதிக்கும் அமிலத்திலும் அது நின்றது. ஆனால் துருப்பிடித்த குழாயிலிருந்து சிறிதளவு ஃபெரிக் உப்பு கலந்தாலும் வேகமாக அரிக்கும். அத்தகைய ஆக்சிஜனேற்றச் சூழலைத் தாங்க, மேற்பரப்பில் காப்புப் படலம் அமைக்கும் குரோமியம் வேண்டும். இரண்டையும் சேர்த்ததே 'சி' வகை. அதிலும் பற்றவைப்பு ஓரங்களில் கார்பைடு படிந்து, அக்கம்பக்கத்துக் குரோமியத்தையும் மாலிப்டினத்தையும் இழுத்துக்கொண்டது, ஓரம் அரித்தது. கார்பனையும் சிலிக்கனையும் மிகக் குறைத்து 1960-களில் வந்த சி-276 அந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது. அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடை நீக்கும் கோபுரங்களில், எஃகுச் சுவரின் மேல் 1.6 மி.மீ. சி-276 தகட்டைப் போர்த்திப் பற்றவைக்கிறார்கள். விலை உயர்ந்த உலோகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நல்ல வழி இது.

குரோமியம் சேர்ந்த இன்கோனல் 1930-களில் வந்தது. அதன் 600 வகை, அணு உலைகளின் நீராவி ஆக்கிக் குழாய்களுக்கு விரும்பித் தேர்ந்தெடுக்கப்பட்டது. மிகத் தூய வெந்நீரிலும் அது விரிசல் விடும் என்று 1959-இல் பிரான்ஸின் ஆன்ரி கோரியு எச்சரித்தார். அதற்கு உரிய மதிப்பு உடனே கிடைக்கவில்லை. குழாய்கள் விரிசல் கண்ட பிறகே தொழில்துறை அதை ஏற்றது. பல உலைகளில் நீராவி ஆக்கியையே முழுதாக மாற்ற வேண்டியதாயிற்று. இன்று புதியவற்றில் பெரும்பாலும், குரோமியம் சுமார் 30 சதவீதமாக உயர்த்தப்பட்ட 690 வகைக் குழாய்களே பொருத்தப்படுகின்றன.