விற்பனையற்ற ஆவணகம்: கிரேட்ஃபுல் டெட் கச்சேரி ஒலிப்பதிவுகளின் பரிமாற்ற வரலாறு (1971–2005)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட் 1965 முதல் 1995 வரை நடத்திய கச்சேரிகள் 2,300க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பான்மையானவற்றின் ஒலிப்பதிவுகள் இன்று கிடைக்கின்றன. இவற்றைச் சேர்த்ததிலும் பரப்பியதிலும் இசை நிறுவனங்களைவிடக் கேட்போருக்கே பெரும்பங்கு உண்டு. பணம் பெறாமல் பரிமாறிக்கொள்ளுதல் என்ற ஒரே நெறி, சிதறிய நாடாக்களை எவ்வாறு ஓர் ஆவணகமாக உருவாக்கியது என்பதையும், அந்நெறி எங்கே தன் எல்லையைக் கண்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒலிப்பதிவு, ஆவணகம், நாடாப் பரிமாற்றம், கால்வழி, பதிப்புரிமை, ராக் இசை.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் நேரடி இசை நிகழ்ச்சிகளைப் பாதுகாத்தவர்கள் யார் என்ற வினாவிற்கு இசைத்தட்டு நிறுவனங்கள், வானொலி நிலையங்கள், நூலகங்கள் என்று விடை கூறுவது வழக்கம். கிரேட்ஃபுல் டெட் குழுவின் வரலாறு இவ்விடையை மறுபரிசீலனை செய்ய வைக்கிறது. கலிபோர்னியாவில் 1965இல் தோன்றிய இக்குழு, ஒரு பாடலை இருமுறை ஒரே விதமாக வாசித்ததில்லை. பாடல்களின் வரிசை முன்கூட்டி முடிவு செய்யப்படுவது அரிது. மேடையிலேயே கற்பனையாக விரித்து வாசிக்கப்பட்ட பகுதிகள் சில வேளைகளில் அரைமணி நேரத்தையும் தாண்டின. ஆகவே ஒவ்வொரு கச்சேரியும் தனித்ததொரு பனுவலாகக் கருதப்பட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான இசைத்தொகுப்பு அக்குழுவின் கலையை முழுமையாகக் காட்டவில்லை என்ற எண்ணமே ரசிகர்களைச் சேகரிப்பை நோக்கிச் செலுத்தியது.

முன்னோடிகளும் சட்டச் சூழலும்

கேட்போர் தாமே பதிவு செய்யும் வழக்கம் ராக் இசையோடு தொடங்கியதன்று. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கின் நூலகராக இருந்த லயனல் மேப்பில்சன், 1901க்கும் 1903க்கும் இடையில் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு மெழுகு உருளைகளில் அரங்க நிகழ்ச்சிகளைப் பதிந்தார். ஜாஸ் இசைக்கலைஞர் சார்லி பார்க்கரின் வாசிப்பை 1947–48இல் டீன் பெனடெட்டி பதிவு செய்தார். பார்க்கர் தனித்து வாசித்த பகுதிகளை மட்டுமே பதிந்து, பிறர் வாசித்தபோது கருவியை நிறுத்திவிடுவது அவர் வழக்கம். சேகரிப்பவரின் விருப்பமே ஆவணத்தின் எல்லையை வகுக்கும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

1969இல் பாப் டிலனின் வெளியிடப்படாத பாடல்கள் அனுமதியின்றி ‘கிரேட் ஒயிட் வொண்டர்’ என்ற பெயரில் இசைத்தட்டாக விற்கப்பட்டன. ராக் இசையில் திருட்டு இசைத்தட்டு வணிகம் இதனோடு பரவலாயிற்று. 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிவான ஒலிகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பதிப்புரிமைப் பாதுகாப்பு அந்நாளில் இருக்கவில்லை. கலைஞரின் இசைவின்றி நேரடி நிகழ்ச்சியைப் பதிவதைத் தடுக்கும் கூட்டாட்சி விதி 1994இல்தான் வந்தது. ஆகவே நாம் ஆராயும் காலத்தின் பெரும்பகுதியில், பதிவருக்கும் இசைக்குழுவிற்கும் இடையிலான உறவைச் சட்டத்தைவிட வழக்காறே வரையறுத்தது.

பரிமாற்றத்தின் தோற்றம்

குழுவின் உள்ளிருந்தே பதிவுப் பண்பாடு தொடங்கியது. ஒலியமைப்பாளர் ஔஸ்லி ஸ்டேன்லி, தம் வேலையின் தரத்தைத் தாமே சோதிப்பதற்காகக் கச்சேரிகளை நாடாவில் பதிந்து வைத்தார். 1970களில் பெட்டி கேன்ட்டர்-ஜாக்சன் ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரடியாக எடுத்த பதிவுகள் தெளிவிற்குப் பெயர்பெற்றவை. அரங்கில் அமர்ந்திருந்த ரசிகர்களோ கருவிகளை மறைத்து எடுத்துச் சென்றனர். தொடக்க ஆண்டுகளில் குழுவின் பணியாளர்கள் இதனை விரும்பவில்லை.

1971இல் நியூயார்க்கின் புரூக்ளினில் லெஸ் கிப்பெல் ஒரு நாடாப் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் பெயரிலேயே ‘இலவசம்’ என்ற சொல் இடம்பெற்றிருந்தது குறிப்பிடத்தக்கது. விற்பனைக்கு மாற்றாகவே அது தன்னை அறிவித்துக்கொண்டது. அவ்வட்டத்திலிருந்து 1974இல் ‘டெட் ரெலிக்ஸ்’ என்ற இதழ் தோன்றியது. பிற்காலத்தில் ‘ரெலிக்ஸ்’ என்ற பெயரில் அது பொதுவான இசை இதழாக வளர்ந்தது. யாரிடம் எந்த நாளின் பதிவு உள்ளது, எது வேண்டும் என்ற செய்திகள் இத்தகைய இதழ்கள் வழியாகவும் அஞ்சல் வழியாகவும் பரவின.

பரிமாற்றத்தின் நெறி எளியது. இருவரிடமும் பதிவுகள் இருப்பின் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வர். கையில் ஏதுமில்லாத புதியவர் வெற்று நாடாவும் திரும்ப அனுப்புவதற்கான அஞ்சல் கட்டணமும் அனுப்புவார். உடையவர் தம் நேரத்தைச் செலவிட்டுப் படியெடுத்து அனுப்புவார். இலாபம் பெறுவது இழுக்கு எனக் கருதப்பட்டது. ஒரு மூல நாடாவிலிருந்து சிலர் படியெடுக்க, அவர்களிடமிருந்து வேறு பலர் படியெடுக்கும் முறையை ‘நாடா மரம்’ என்றனர்.

படியும் கால்வழியும்

காந்த நாடாவில் ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் இரைச்சல் கூடும். கருவிகளின் வேகம் சற்றே வேறுபட்டால் சுருதி மாறிவிடும். எனவே ஒரு நாடா மூலத்திலிருந்து எத்தனையாவது தலைமுறை என்பது அதன் மதிப்பை முடிவு செய்தது. 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் 45 நிமிடங்களே பதிய முடியும். நீண்ட வாசிப்பின் நடுவே நாடாவைத் திருப்ப நேர்ந்தால் சில நொடிகளின் இசை அழிந்துபோகும். அவ்விடைவெளியை அரங்கின் வேறொரு மூலையிலிருந்த பதிவரின் நாடாவைக் கொண்டு நிரப்பினர். ஓலைச்சுவடிப் பதிப்பாளர் ஒரு படியில் சிதைந்த பகுதியை மற்றொரு படியால் நிறைவு செய்வதும், படிகளின் கால்வழியை வகுப்பதும் நாம் நன்கு அறிந்த முறைகள். பல்கலைக்கழகப் பயிற்சி ஏதுமின்றி, தேவையின் நெருக்கடியால் இவர்களும் அதே முறையை வந்தடைந்தனர்.

இங்கே விற்பனையின்மை என்ற நெறியின் அறிவுசார் பயன் வெளிப்படுகிறது. விற்பவருக்குத் தம் சரக்கின் குறையை மறைப்பதில் ஆதாயம் உண்டு. பரிமாறுபவருக்கோ எதிர்த்தரப்பின் நம்பிக்கையே முதலீடு. நாள், அரங்கு, ஒலிவாங்கியின் வகை, அது வைக்கப்பட்ட இடம், தலைமுறை எண் ஆகியவற்றை உண்மையாகக் குறிப்பவரிடமே பிறர் மீண்டும் பரிமாற வந்தனர். பிழையான நாள்குறிப்புகள் பல பரவியதும் உண்மையே. ஆனால் ஒரே கச்சேரியின் பல படிகள் பலரிடம் இருந்ததால் அவற்றை ஒப்பிட்டுத் திருத்த இயன்றது. கச்சேரிதோறும் வாசிக்கப்பட்ட பாடல்களை நிரல்படுத்தி 1987இல் ரசிகர்கள் வெளியிட்ட ‘டெட்பேஸ்’ என்ற தொகுப்பு இக்கூட்டு உழைப்பின் விளைவாகும்.

இசைவும் அதன் காரணமும்

1984 அக்டோபரில் பெர்க்லி நகரக் கச்சேரிகளில் பதிவர்களுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் விளக்குவது பொருந்தாது. நல்ல ஒலிக்காகப் பதிவர்கள் ஒலிக்கலவைப் பலகைக்கு முன்னே உயரமான ஒலிவாங்கிக் கம்பங்களை நட்டதால், ஒலியமைப்பாளர் டேன் ஹீலியால் மேடையைப் பார்க்க முடியாத நிலை ஏற்பட்டது. அவர்களைப் பலகைக்குப் பின்னே நிறுத்துவதே தீர்வாக அமைந்தது. அதற்கெனத் தனி நுழைவுச்சீட்டுகளும் அச்சிடப்பட்டன. நடைமுறைச் சிக்கல் ஒன்றிற்குக் கண்ட தீர்வு, காலப்போக்கில் கொள்கையாக நிலைபெற்றது. வாசித்து முடித்த இசை கேட்டவர்களுக்குரியது என்ற கருத்தை ஜெர்ரி கார்சியா பலமுறை வெளியிட்டிருப்பதும் இக்கொள்கைக்கு வலுச்சேர்த்தது.

பரிமாற்றம் குழுவின் வருவாயைக் குறைக்கவில்லை. இசைத்தட்டு விற்பனையைவிடக் கச்சேரி நுழைவுச்சீட்டையே நம்பியிருந்த அக்குழு, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மிகுந்த வருவாய் ஈட்டிய சுற்றுப்பயணக் குழுக்களுள் ஒன்றாக விளங்கியது. ஆயினும் இதனை எல்லாக் கலைஞர்களுக்கும் உரிய பொதுவிதியாகக் கொள்ளவியலாது. நாள்தோறும் மாறும் கச்சேரியை உடையவர்க்கே பழைய பதிவு புதிய கச்சேரிக்கு விளம்பரமாக அமையும்.

இழப்பும் மீட்பும்: கார்னெல் கச்சேரி

1977 மே 8 அன்று இதாகாவின் கார்னெல் பல்கலைக்கழகப் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி இவ்வரலாற்றின் திருப்பங்களை ஒருங்கே காட்டுகிறது. அதனைப் பதிந்தவர் கேன்ட்டர்-ஜாக்சன். அவருடைய நாடாக்கள் வைக்கப்பட்டிருந்த வாடகைக் கிடங்கிற்குக் கட்டணம் செலுத்தப்படாமையால், 1986இல் நூற்றுக்கணக்கான நாடாச் சுருள்கள் ஏலம் விடப்பட்டன. குழுவின் பெட்டகத்தில் அக்கச்சேரியின் மூலம் இல்லாதுபோயிற்று. ஆனால் ஏலத்தில் போன நாடாக்கள் பரிமாற்ற வட்டத்தை அடைந்து, படிகளாகப் பெருகின. 2011ஆம் ஆண்டிற்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அக்கச்சேரியைச் சேர்த்தது. அப்போதும் அது அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்திருக்கவில்லை. மூல நாடாக்கள் குழுவிடம் மீண்டபின், 2017இல்தான் அக்கச்சேரி இசைத்தொகுப்பாக வெளிவந்தது. நாற்பது ஆண்டுகள் அக்கச்சேரியைக் கேட்போர் நினைவில் நிலைக்கச் செய்தவை உரிமையாளரின் பெட்டகத்திற்கு வெளியே உலவிய படிகளே.

சேகரிப்பாளராக இருந்த டிக் லட்வாலா குழுவின் ஆவணப் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டதும் இங்குக் கருதத்தக்கது. அவர் தேர்ந்த கச்சேரிகளைக் கொண்டு ‘டிக்ஸ் பிக்ஸ்’ வரிசை 1993இல் தொடங்கியது. பரிமாற்ற வட்டத்தில் வளர்ந்த செவிப்புலமையே வணிக வெளியீட்டிற்கும் அடிப்படையாயிற்று.

எண்மக் காலமும் 2005 சர்ச்சையும்

1998இல் தோன்றிய ‘இ-ட்ரீ’ என்ற குழுமம் பழைய நெறியை இணையத்திற்குக் கொண்டுவந்தது. ஒலித்தகவல் இழப்பில்லாத கோப்பு வடிவங்களே ஏற்கப்பட்டன. ஒவ்வொரு பதிவுடனும் அதன் கால்வழியைக் கூறும் உரைக்கோப்பு இணைக்கப்பட்டது. தலைமுறைதோறும் தரம் குறையும் இடர் இவ்வாறு நீங்கியது. 2002இல் இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனம் நேரடி இசைக்கான ஆவணகத்தைத் தொடங்கியபின், டெட் கச்சேரிகள் அங்கே ஆயிரக்கணக்கில் குவிந்தன.

2005 நவம்பரில் அப்பதிவுகளைத் தரவிறக்கும் வசதி திடீரென நீக்கப்பட்டது. ரசிகர்கள் எதிர்த்து மனு அளித்தனர். குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஃபில் லெஷ், அம்முடிவில் தமக்குப் பங்கில்லை என வெளிப்படையாக அறிவித்தார். சில நாள்களிலேயே ஒரு சமரசம் ஏற்பட்டது. ரசிகர்கள் அரங்கில் எடுத்த பதிவுகளைத் தரவிறக்கலாம். கலவைப் பலகைப் பதிவுகளை இணையத்தில் கேட்க மட்டுமே இயலும்.

இச்சமரசம் அதுவரை பேசப்படாதிருந்த ஒன்றை வெளிப்படுத்தியது. முப்பது ஆண்டுகளாகப் பதிவர்கள் உரிமை என நம்பியது இசைவு மட்டுமே. அளித்தவர் அதனைத் திரும்பப் பெறலாம். கைக்குக் கை மாறும் கேசட்டைத் திரும்பப் பெற எவராலும் இயலாது. ஒரே இடத்தில் குவிந்த கோப்புகளையோ ஒரு கட்டளையால் மூடிவிடலாம். அணுகுதலை எளிதாக்கிய மையப்படுத்தலே ஆவணகத்தை எளிதில் பறிபோகக்கூடியதாகவும் ஆக்கியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, விற்பனையின்மை அறநெறியாக மட்டும் நிற்கவில்லை. படிகளின் நம்பகத்தன்மையைக் காக்கும் ஆய்வுநெறியாகவும் செயற்பட்டது. இரண்டாவது, உடைமையும் பாதுகாப்பும் ஒன்றல்ல. கார்னெல் கச்சேரியில் உரிமையுடையவரிடம் மூலம் இல்லை. படியுடையவர்களிடம் உரிமை இல்லை. மூன்றாவது, பலரிடம் சிதறிக் கிடந்த நிலை குறைபாடாகத் தோன்றினும், அதுவே அவ்வாவணகத்தின் காப்பாக இருந்தது.

இவ்வட்டத்திலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. மிகுதியாக உடையவரே மேலும் பெற்றனர். விலையுயர்ந்த கருவி வாங்க இயன்றவரே பதிவராயினர். இக்குறைகளையும் உட்கொண்டே இதனை மதிப்பிட வேண்டும். நிகழ்கலைகளின் ஒலி ஆவணங்களை ஒரே எண்மத் தளத்தில் தொகுக்க முனைவோர், தொகுத்தபின் அதன் படிகள் வேறு எவரெவரிடம் எஞ்சியிருக்கும் என்ற வினாவையும் தொடக்கத்திலேயே எழுப்பிக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.