கைநாட்டு முதல் ஓடிபி வரை

1834 செப்டம்பர் 10. கல்கத்தா போலீஸ் அலுவலகத்தில் தலைமை மாஜிஸ்திரேட் முன்னால் 36 மலைவாழ் கூலியாட்கள் நிறுத்தப்பட்டார்கள். மொரிஷியஸ் கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட வேலை. ஆண்களுக்கு மாதம் 5 ரூபாய் கூலி. அதில் ஒரு ரூபாய், ஊர் திரும்பும் கப்பல் செலவுக்கென்று மாதாமாதம் பிடித்துவைக்கப்படும். நிபந்தனைகளை அதிகாரி விளக்கினார், எழுதத் தெரியாதவர்கள் காகிதத்தில் அடையாளமிட்டார்கள். நவம்பர் 2-ஆம் தேதி 'அட்லஸ்' கப்பலில் அவர்கள் போர்ட் லூயி போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த எண்பது ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் கடல் கடந்தார்கள்.

இன்று வேலைக்குச் சேருபவரின் கைபேசிக்கு ஒரு இணைப்பு வருகிறது. அதைத் திறந்து, பெட்டியில் ஒரு டிக், ஓடிபி எண்கள் என்று முடித்தால் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடுகிறது. நிறுவனங்கள் இந்தக் கருவிகளை அடிக்கடி மாற்றி வடிவமைக்கின்றன. வேகமும் வசதியும் கூடிக்கொண்டே போகின்றன. கையொப்பமிடுபவர் என்ன படித்தார், எவ்வளவு புரிந்துகொண்டார் என்ற கேள்விக்கு மட்டும் கல்கத்தா நாளிலிருந்தே சரியான பதில் கிடைக்கவில்லை.

1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடும் சரளை வாங்குவதற்காக ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரருடன் ஒப்பந்தம் செய்தார். கோனாயின் உள்ளங்கையில் மை தடவி, காகிதத்தின் பின்பக்கத்தில் அழுத்தி எடுத்தார். பின்னாளில் இது நான் போட்ட கையெழுத்தே இல்லை என்று கோனாய் மறுத்துவிடக் கூடாது என்பதே ஹெர்ஷலின் நோக்கம். உலகக் கைரேகைத் துறையின் தொடக்கங்களில் ஒன்றாக இன்றும் பேசப்படும் அந்தக் கைத்தடம், ஒப்பமிட்டவரைக் கட்டிப்போடுவதற்காக எடுக்கப்பட்டது.

மறு ஆண்டே சட்டமும் அதே திசையில் நடந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப, 1859-இன் 13-ஆம் சட்டம் வழிசெய்தது. முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென்று வந்த அது, பிறகு மற்ற இடங்களுக்கும் பரவி, 1925-இல்தான் நீக்கப்பட்டது.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் கதை இதில் 1860 அக்டோபரில் நுழைகிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16-ஆம் தேதி, இன்றைய டர்பன் துறைமுகத்தை அடைந்தது. முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், அடுத்தடுத்த வருடங்களில் ஒவ்வொரு ஷில்லிங் கூடுதல் என்று கூலி பேசப்பட்டிருந்தது. சாதாரண வேலைக்காரர் சொல்லாமல் போனால் முதலாளி சிவில் வழக்குதான் போட முடியும்; ஒப்பந்தக் கூலி போனாலோ அது குற்றம், தண்டனை சிறை. 1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழர், முதலாளி அடித்ததில் பற்கள் உடைந்து, ரத்தம் வழிய காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். அவர் சொன்னதைக் காந்திக்கு எடுத்துச்சொன்னவர் அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தா. அவ்வளவு அடிபட்ட பிறகும் பாலசுந்தரத்தால் வேலையை உதறிவிட்டுப் போக முடியவில்லை. ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றித்தர மட்டுமே காந்தியால் முடிந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இன்னொரு காகிதம் ஆட்சி செய்தது: துண்டு. இன்ன கங்காணிக்கும் (ஆட்களைத் திரட்டி வேலை வாங்கும் மேஸ்திரி) அவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கத் தயார் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தொழிலாளியின் தலையில் புதுக் கணக்காக ஏறும். இந்தியாவிலிருந்து புறப்படும்போதே வழிச்செலவு, அரிசி, முன்பணம் என்று தொடங்கிய கடன் தோட்டத்துக்குத் தோட்டம் வளர்ந்தது. தன் விலை எழுதப்பட்ட அந்தச் சீட்டைப் பெரும்பாலான தொழிலாளிகளால் வாசிக்க முடியாது. 1921-இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

வாசிக்கும் உரிமையைச் சட்டம் தெளிவாகப் பேசிய ஓர் இடம், இந்தியாவின் 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டம். வேலை நேரம், ஷிப்டு, விடுப்பு, பணிநீக்கம் ஆகிய விதிகளை ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் எழுதி, அவர்களில் பெரும்பாலோர் நுழையும் வாசலருகே பலகையில் ஒட்டிவைக்க வேண்டும் என்றது அது. மொழி எது, பலகை எந்த வாசலில் என்பது வரை யோசித்து எழுதப்பட்ட பிரிவு அது.

கணினிக் காலத்தில் அந்த அக்கறை பின்னுக்குப் போனது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்தபோது டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு கிடைத்தது. ஆவணத்திலிருந்து கணித முறையில் ஒரு சுருக்கக் குறியீடு எடுத்து, அதை ரகசியச் சாவியால் பூட்டுகிறார்கள். பிறகு ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் குறியீடு பொருந்தாது. 2015-இல் ஆதார் வழி இ-சைன் வந்தது. ஓடிபி போதும், இல்லாவிட்டால் விரல் ரேகை. கையொப்பமிட்டவர் யார், ஆவணம் மாறியதா என்ற இரண்டுக்கும் இந்தத் தொழில்நுட்பம் உறுதியான பதில் தருகிறது. ஹெர்ஷல் கேட்டதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

கையொப்பமிடுபவருக்குப் புரியவைக்கவும் வழி இருக்கிறது என்று காட்டியது தென்னாப்பிரிக்கா. வழக்கறிஞர் ராபர்ட் டி ரூய், கிளெமென்கோல்ட் என்ற பழ நிறுவனத்துடன் சேர்ந்து, பழம் பறிக்கும் தொழிலாளர்களுக்காகப் படக்கதை வடிவில் வேலை ஒப்பந்தம் உருவாக்கினார். 2016-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. முதலாளியும் தொழிலாளியும் அதில் பாத்திரங்கள். எத்தனை மணிக்கு வேலை, எப்படிச் சம்பளம், தவறு செய்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் கட்டம் கட்டமாகப் படங்களில் வரும். தொழிலாளி கையொப்பமிடுவது அந்தப் படங்களிலேயே. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவில் அவுரெகான் பொறியியல் நிறுவனமும் தன் படித்த ஊழியர்களுக்குப் படங்களுடன் கூடிய ஒப்பந்தம் கொண்டுவந்தது. சட்ட நடையில் எழுதிய பக்கங்கள் படித்தவரையும் களைப்படையச் செய்யும் என்பதை அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டதாகவே இதைக் கொள்ளலாம்.

இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பணியாளர்களுக்கு நியமனக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இதுவரை வாய்ப்பேச்சிலேயே வேலைக்குச் சேர்ந்த பலரும் இனி ஏதோ ஒரு திரையில் ஒப்பமிடப் போகிறார்கள். திருப்பூரில் தையல் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு வரும் அந்தத் திரையில் சம்பளம், பிடித்தம், வேலை நேரம், ஓவர்டைம், விலகுவதற்கான அவகாசம் ஆகியவை தமிழில் முதலில் தெரிய வேண்டும். கேட்டால் வாசித்தும் காட்ட வேண்டும். ஒப்பமிடும் பொத்தான் அதன் பிறகு வரட்டும். கையொப்பமான நகல், கம்பெனி லாகின் முடக்கப்பட்ட பிறகும் அவர் கைபேசியில் திறக்க வேண்டும்.