நிலம் திடீரென உள்வாங்குவது ஏன்? புதைகுழிகள் உருவாகும் விதமும் ஆபத்துகளும்

ஹைதராபாத்: ஆந்திர மாநிலம் கடப்பா மாவட்டத்தின் சிந்தகொம்மதின்னே பகுதியில், 2015-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த கனமழையைத் தொடர்ந்து நிலத்தில் ஆங்காங்கே பெரும் குழிகள் விழுந்தன. 'சிங்க்ஹோல்' எனப்படும் இத்தகைய புதைகுழிகள் ஒரே இரவில் தோன்றியவை போலக் காணப்பட்டாலும், அவற்றுக்கான வெற்றிடம் நிலத்தடியில் நெடுங்காலமாக உருவாகி வந்திருக்கும்.

உருவாவது எப்படி?

மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை ஈர்த்து, லேசான அமிலத் தன்மையைப் பெறுகிறது. சுண்ணாம்புப் பாறையின் விரிசல்கள் வழியே இறங்கும் இந்நீர், பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. விரிசல்கள் அகன்று, காலப்போக்கில் குகைகளாகின்றன. நந்தியால் மாவட்டத்தில் உள்ள பேலம் குகைகள் இவ்வாறு உருவானவையே. 3 கி.மீ.க்கும் அதிக நீளமுள்ள அக்குகைகளுக்கு, கிணறு போன்ற குழி ஒன்றே இன்றும் நுழைவாயிலாக உள்ளது.

மழைக்குப் பின் சரிவது ஏன்?

வெற்றிடத்தை நிலத்தடி நீர் நிரப்பியிருக்கும் வரை, மேலுள்ள மண்ணுக்கு அது தாங்கலாக அமைகிறது. ஆழ்துளைக் கிணறுகள் மூலம் நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படும்போது, அந்தத் தாங்கல் நீங்குகிறது. அதன்பின் கனமழை பெய்தால், நீரில் ஊறிய மண்ணின் எடை கூடுகிறது. மண் துகள்களும் வெற்றிடத்துக்குள் அடித்துச் செல்லப்படுகின்றன. இதனால், வறட்சியைத் தொடர்ந்து வரும் பெருமழைக் காலத்தில் அபாயம் அதிகரிக்கிறது.

மனிதச் செயல்பாடுகள்

சுண்ணாம்புப் பாறை இல்லாத இடங்களிலும் நிலம் உள்வாங்கக்கூடும். நகரங்களில் உடைந்த குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் சாலைக்கு அடியிலுள்ள மண்ணை அரித்துச் செல்கின்றன. ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரி வயலில், 1916-ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டுள்ள நிலத்தடித் தீயும் பழைய சுரங்கங்களும் நிலச்சரிவுக்குக் காரணமாகின்றன.

ஆபத்துகள் என்ன?

2024 ஆகஸ்ட் மாதம், மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் நடைபாதையில் சென்ற இந்தியப் பெண் சுற்றுலாப் பயணி ஒருவர், திடீரென உள்வாங்கிய சுமார் 8 மீட்டர் ஆழக் குழிக்குள் விழுந்தார். ஒன்பது நாட்கள் தேடியும் அவரை மீட்க இயலவில்லை. உயிரிழப்பு, கட்டடச் சேதம் ஆகியவற்றுடன் நிலத்தடி நீர் மாசடையும் அபாயமும் உண்டு. குழிகளில் கொட்டப்படும் குப்பைகளின் கழிவு, மண்ணால் வடிகட்டப்படாமல் நேரடியாக நீரில் கலந்துவிடும்.

முன்னறிகுறிகள்

தரையில் வட்ட வடிவ விரிசல், சாயும் மரங்கள் மற்றும் மின்கம்பங்கள், சுவர் வெடிப்பு, மூட முடியாத கதவுகள், கிணற்று நீர் திடீரெனக் கலங்குதல், மழைநீர் ஓரிடத்தில் மட்டும் விரைந்து உள்ளிறங்குதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகளாகும். இவை தென்பட்டால், அவ்விடத்தை விட்டு விலகி, நிர்வாகத்துக்குத் தகவல் அளிக்க வேண்டும்.

குழியை மண்ணால் மூடுவது மட்டும் தீர்வாகாது. அடியிலுள்ள திறப்பைக் கண்டறிந்து, பெரிய கற்கள் அல்லது கான்கிரீட் கொண்டு அடைத்த பின்னரே மேற்பகுதியை நிரப்ப வேண்டும். குழாய்க் கசிவு காரணமெனில், முதலில் அதைச் சீரமைக்க வேண்டும். இல்லையெனில், நிரப்பிய மண்ணையும் நீர் அரித்துச் செல்ல, அதே இடத்தில் நிலம் மீண்டும் உள்வாங்கும்.