அரசை நோக்கியும் வாசகரை நோக்கியும்: ‘பறையன்’, ‘தமிழன்’ இதழ்களின் இருபது ஆண்டுகள் (1893–1914)

1893ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் போனது. அதன் நீளம் 112 அடி. கையெழுத்திட்டவர்கள் 3,412 பேர். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்படி நடத்தினால் கலெக்டர் நாற்காலியும் நீதிபதி நாற்காலியும் சாதி இந்துக்களுக்கே போகும், சேரிகளில் வாழ்பவர்களின் நிலை இன்னும் மோசமாகும் என்றது விண்ணப்பம். அதன் பின்னால் நின்றவர் இரட்டைமலை சீனிவாசன். அதே ஆண்டு அக்டோபரில்தான் அவர் ‘பறையன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1907 ஜூன் 19 புதன்கிழமை, அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைக் கொண்டுவந்தார். தமிழ் இதழியல் வரலாறுகள் பேசும்போது இவ்விரண்டையும் ஒரே மூச்சில், ஒரே வகைப் பத்திரிகைகளாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது என்பது என் வாதம். முன்னது பெரிதும் அரசை நோக்கிப் பேசியது. பின்னது தன் வாசகரை நோக்கிப் பேசியது. ஒடுக்கப்பட்ட மக்களின் அறிவு வரலாற்றில் இந்தத் திசைமாற்றத்துக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

இந்த இதழ்கள் வெறும் தரையில் முளைத்தவை அல்ல. 1869இல் ‘சூரியோதயம்’ வந்தது. 1885இல் ஜான் இரத்தினத்தோடு சேர்ந்து அயோத்திதாசர் ‘திராவிட பாண்டியன்’ நடத்தினார். 1891இல் திராவிட மகாஜன சபை உருவானது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பரில் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் மூலம் அதுவே. நிலம், பள்ளி, பொதுவழி என்று கோரிக்கைகள் திரண்டுவந்த அந்த நாட்களில் நடந்த ஒரு கூட்டத்தை அயோத்திதாசர் பின்னாளில் ‘தமிழன்’ இதழில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அவர் எழுந்து, எங்கள் மக்களை விஷ்ணு கோயிலுக்குள்ளும் சிவன் கோயிலுக்குள்ளும் ஏன் விடக்கூடாது என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பிரதிநிதியான சிவராம சாஸ்திரி, உங்கள் குலத்துக்குக் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், எங்கள் சாமிகள் உங்களுடையவை அல்ல என்ற பொருளில் பதில் சொன்னார். அப்படியென்றால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் ஊர்களில் சும்மா கிடக்கும் தரிசு நிலமும் கொடுங்கள் என்று அயோத்திதாசர் திருப்பிக் கேட்டார். அவருடைய பிற்கால எழுத்தின் விதை அந்தப் பதிலில் இருக்கிறது. கோயில் கதவைத் தட்டுவதை அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். 1898இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் உதவியோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

‘பறையன்’ பத்து ரூபாய் முதலில் தொடங்கியது, நான்கு பக்கம், விலை இரண்டணா என்று சீனிவாசன் தம் ‘ஜீவிய சரித்திரச் சுருக்க’த்தில் சொல்கிறார். முதல் இதழ் இரண்டே நாட்களில் நானூறு பிரதிகள் விற்றன என்பதும் அவர் தரும் செய்தி. மாத இதழாக வந்தது மூன்றே மாதத்தில் வார இதழானது. 1900 வரை நடந்தது. தலைப்பே ஓர் அறைகூவல். ஊர் இழிவாகச் சொல்லும் பெயரைத் தானே தலைநிமிர்ந்து சொல்லிக்கொண்டால்தான் உரிமை கேட்க முடியும் என்பது சீனிவாசனின் நிலை. அயோத்திதாசரோ அந்தப் பெயரையே எதிரிகள் சூட்டியது என்று மறுத்தார். ஆனால் பெயர்ச் சண்டையைவிட முக்கியமானது பத்திரிகையின் வேலைமுறை. சேரியில் நடந்த கொடுமை, கிடைக்காத நிலம், சேர்க்க மறுத்த பள்ளி என்று ஒவ்வொன்றும் செய்தியாகி, செய்தி மனுவாகி, மனு அதிகாரியின் மேசைக்குப் போனது. மாகாணத்துச் சுதேசப் பத்திரிகைகளை வாராவாரம் படித்து ஆங்கிலத்தில் சுருக்கித் தரும் அலுவலகம் ஒன்றை அரசு வைத்திருந்தது. தமிழில் அச்சாகும் ஒரு புகார் தலைமைச் செயலகம்வரை எட்டும் என்பதைச் சீனிவாசன் நன்றாக அறிந்திருந்தார். சாதியின் பிடியில் இருந்த ஊரில் நியாயம் கேட்க வேறு வழியே இல்லாத மக்களுக்கு அது சாதாரணக் கண்டுபிடிப்பல்ல.

‘ஒரு பைசாத் தமிழன்’ இரண்டணா விலையைக் காலணாவுக்கு இறக்கியது. ஓராண்டு கழிந்ததும் பெயர் ‘தமிழன்’ ஆயிற்று. 1914 மே மாதம் ஆசிரியர் இறக்கும்வரை புதன்தோறும் வந்தது. அதிலும் அரசுக்கான கோரிக்கைகள் உண்டு. ஆனால் பக்கங்களைப் புரட்டினால் கண்ணில் படுவது வேறு: வாசகர் அனுப்பிய சந்தேகங்களும் பண்டிதரின் விளக்கங்களும். திருக்குறளுக்கும் ஔவையின் நூல்களுக்கும் பௌத்த நோக்கில் உரை, சித்த மருத்துவர் என்ற முறையில் மருந்துக் குறிப்புகள், விவசாயம், மழை, பண்டிகைகளின் மூலம் பற்றிய விவாதங்கள். சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயல், பெங்களூர், ஹூப்ளி, ரங்கூன், டர்பன் என்று பரவியிருந்தன. சுரங்கத்திலும் இரயில்வேயிலும் தோட்டத்திலும் கூலிவேலைக்குப் போன தமிழர்கள் இருந்த இடங்கள் அவை. கேட்டவர் ஒரு தங்கவயல் தொழிலாளி, பதில் சொன்னவர் ஓலைச்சுவடி படித்த பண்டிதர். நடுவில் எந்த அதிகாரிக்கும் வேலை இல்லை. இந்த உறவைத்தான் நான் திசைமாற்றம் என்கிறேன். விண்ணப்பத்தில் மக்கள் கையெழுத்துகளாக இருந்தார்கள். ‘தமிழன்’ இதழில் கேள்வி கேட்பவர்களானார்கள்.

1910 முதல் தொடராக வெளிவந்த ‘இந்திரர் தேச சரித்திரம்’ இந்த மாற்றத்தின் உச்சம். இன்று தாழ்த்தப்பட்டவர்களாக இருப்பவர்கள் முன்பு பௌத்தர்கள், கல்வியும் வைத்தியமும் அவர்களிடம் இருந்தன, வேஷப் பிராமணர்கள் அவற்றைப் பறித்து இழிவைச் சுமத்தினார்கள் என்பது அதன் சாரம். இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். இது வரலாறே அல்ல. கல்வெட்டும் செப்பேடும் இதற்குச் சாட்சி சொல்லவில்லை. தீபாவளிக்கு அவர் தந்த விளக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். பௌத்த மடத்தார் எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்து, அதைத் தேய்த்துக் குளித்த நாளே தீபாவளி என்றார். கார்த்திகை தீபமோ ஆமணக்கு நெய்யைக் கண்டறிந்து மலைமேல் ஏற்றிப் பார்த்த நாள். இவற்றை ஆதாரத்தோடு நிறுவ முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவர் எதிர்த்து நின்ற புராணக் கதைகளுக்கும் அந்தத் தராசைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நரகாசுரன் கதையில் ஒருவர் கொல்லப்பட்ட நாள் ஊரே கொண்டாடும் நாளாகிறது. பண்டிதரின் கதையில் கொண்டாட்டத்துக்குக் காரணம் மனித உழைப்பும் பயன்தரும் கண்டுபிடிப்பும். தன் முன்னோர் எதையோ உண்டாக்கியவர்கள் என்று ஒரு கூலித்தொழிலாளி வாசிக்கும்போது அவன் மனத்தில் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதே வரலாற்றாசிரியர் கேட்க வேண்டிய கேள்வி. ஆய்வாளர் ஞான அலாய்சியஸ் போன்றவர்கள் இதை விடுதலை அடையாளத்தின் ஆக்கமாகப் படித்ததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் பழையது: இருவரும் ஆங்கில ஆட்சியின் ஆதரவாளர்கள். உண்மை. சுதேசி இயக்கத்தை அயோத்திதாசர் கடுமையாக எதிர்த்தார். 1911இல் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருடைய அனுதாபம் கொல்லப்பட்டவர் பக்கமே இருந்தது. இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. தேசம் என்று எழுதியவர்கள் ஊர்க்கிணற்றைப் பற்றி எழுதினார்களா என்று எதிர்க்கேள்வி கேட்டால் அவருடைய நிலை புரியும். ஆட்சி கைமாறும் முன் கிணறும் பள்ளியும் உத்தியோகமும் யாருக்கு என்று தீர வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. 112 அடி விண்ணப்பமும் அதையேதான் சொன்னது. அந்த அச்சம் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது: பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சென்னை சட்டசபையில் இதே சீனிவாசன் 1924இல்தான் தீர்மானம் நிறைவேற்ற முடிந்தது. அரசை நோக்கிப் பேசும் மரபு ‘தமிழன்’ வந்ததும் அற்றுப்போய்விடவில்லை என்பதையும் அந்தத் தீர்மானம் காட்டுகிறது. அந்த மரபு வட்டமேசை மாநாடுவரை சென்றது. ஆகவே ஒன்று மற்றொன்றை விழுங்கியது என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது ஒரு பாதை திறந்தது என்கிறேன்.

அயோத்திதாசரிடம் மன்னிக்க முடியாத குறை ஒன்றும் உண்டு. தம் மக்கள் தாழ்த்தப்பட்டவர்கள் மட்டுமே, பிறவியில் தாழ்ந்தவர்கள் அல்லர் என்று வாதிட்டவர், சக்கிலியர், தோட்டி, குறவர், வில்லியர் ஆகியோரை வேறு வரிசையில் நிறுத்தித் தாழ்வாக எழுதினார். காலத்தின் தாக்கம் என்று இதைக் கடந்துபோவது சரியல்ல. அவர் கட்டிய வரலாற்றின் அடித்தளத்திலேயே இந்த விலக்கல் இருக்கிறது: முன்னாள் பௌத்தர் என்ற பெருமையை ஒரு பகுதியினருக்கு மட்டும் கொடுத்தால், மற்றவர்களின் இழிவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி பதிலின்றிப் போகிறது. வாசகரை நோக்கித் திரும்பிய பத்திரிகை, அந்த வாசகர் யார் என்பதற்கு எல்லைக்கோடும் போட்டுவிட்டது. அருந்ததியர் எழுத்தாளர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது அதைப் பண்டிதருக்கு எதிரான அவதூறாகக் கருதக்கூடாது.

இரண்டு இதழ்களும் இன்று நமக்குக் கிடைக்கும் விதம் என் வாதத்துக்கு வலுவூட்டுகிறது. ‘பறையன்’ முழுத் தொகுதியாக நம் கைக்கு வரவில்லை. சீனிவாசனின் சுயசரிதையிலும் அரசின் பத்திரிகைச் சுருக்க அறிக்கைகளிலும்தான் அதைத் தேட வேண்டியிருக்கிறது. ‘தமிழன்’ அப்படியல்ல. ஆசிரியர் இறந்த பிறகும் 1926 முதல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து அதை மறுபடி நடத்தினார். சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக வெளியிட்டுக்கொண்டே இருந்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1999இல் அலாய்சியஸ் பதிப்பில் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர அந்தப் பாதுகாப்பே அடிப்படை. காகிதம் அழிவதில் தற்செயலுக்கும் பங்குண்டு, அதை மறுக்கவில்லை. ஆனாலும் அரசை நோக்கிப் பேசிய இதழின் சுவடு அரசின் கோப்பிலும், வாசகரை நோக்கிப் பேசிய இதழின் பிரதிகள் வாசகர் வீட்டிலும் எஞ்சியதை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ‘பறையன்’ குறித்து இனி ஆராய்கிறவர்கள் அந்தச் சுருக்க அறிக்கைகளை இதழின் குரலாகவே எடுத்துக்கொள்ளக்கூடாது. நான்கு பக்கத்தில் எதை அரசு மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்தார், எதை விட்டார் என்று முதலில் கேட்க வேண்டும். சேரி மக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சு அதிலும் அச்சாகியிருந்தால், அரசுக்குத் தேவையில்லை என்று அவர் தள்ளிவிட்ட பத்திகளில்தான் அது இருந்திருக்கும்.