காண்போன் உரிமை: கிரிக்கெட் ஒளிபரப்பும் சூதும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

சூது என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். பணயம் வைத்துக் கவறாடுதலும் சூது. பிறர் அறியாவண்ணம் வஞ்சித்தலும் சூது. கழகம் என்னும் சொல்லின் வரலாறும் ஈண்டு நினையத்தக்கது. திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்துள் அது சூதாடும் இடத்தைக் குறித்தது. பின்னர்க் கற்றோர் அவையைக் குறித்தது. இன்று விளையாட்டை நடத்தும் அமைப்புகளுக்கும் பெயராகி வழங்குகின்றது. ஆட்டம், பணயம், வஞ்சம் என்னும் மூன்றும் ஒன்றை ஒன்று ஒட்டி வாழ்வன என்பதை நம் மொழி நெடுங்காலத்திற்கு முன்னரே அறிந்திருந்தது போலும்.

பண்டைச் சூதில் ஆடுவோரும் காண்போரும் ஓரவையில் இருந்தனர். கவறு உருண்டதை யாவரும் ஒரே கணத்தில் கண்டனர். இக்காலக் கிரிக்கெட்டிலோ களம் ஓரிடம், காண்போன் வேறிடம். இரண்டிற்கும் இடையே காட்சி என்னும் பொருள் விலைபோகின்றது. அக்காட்சி யாருக்கு உரியது? அதில் வஞ்சம் கலந்தால் வஞ்சிக்கப்பட்டவன் யார்? இவ்விரு வினாக்களுக்கும் இந்திய நாடு கடந்த முப்பதாண்டுகளில் அளித்த விடைகளை ஒப்பிட்டு நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. காட்சி உடைமையான வரலாறு

வங்காளக் கிரிக்கெட் சங்கம் தன் வைரவிழாவை ஒட்டி 1993ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஈரோ கோப்பைப் போட்டியை நடத்தியது. இந்தியா, மேற்கிந்தியத் தீவுகள், தென்னாப்பிரிக்கா, இலங்கை, சிம்பாப்வே ஆகிய ஐந்து நாட்டு அணிகள் அதில் ஆடின. அதுகாறும் இந்தியாவில் கிரிக்கெட்டைக் காட்டும் பொறுப்பு முழுவதும் அரசின் தூர்தர்ஷனிடமே இருந்தது. உரிமைக்கு விலை தருதல் தன் கடன் என்று அந்நிறுவனம் கருதவில்லை; தான் ஒளிபரப்ப வேண்டுமாயின் போட்டி ஒன்றிற்கு ஐந்து இலட்சம் ரூபாயைச் சங்கமே செலுத்த வேண்டும் என்றது. சங்கமோ உலக உரிமையை டிரான்ஸ் வேர்ல்ட் இன்டர்நேஷனல் என்னும் அயல்நாட்டு நிறுவனத்திற்கு விற்றது. அதனால் பூசல் மூண்டது. அந்நிறுவனத்தின் கருவிகளைச் சுங்கத்துறையினர் தடுத்து வைத்தனர். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டப்படி செய்தி அனுப்பும் தனியுரிமை அரசிற்கே உரியது என்பது அரசு தரப்பின் வாதம்.

இவ்வழக்கில் உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரி 9ஆம் நாள் தீர்ப்புரைத்தது. நீதிபதிகள் பி. பி. சாவந்த், எஸ். மோகன், பி. பி. ஜீவன் ரெட்டி ஆகிய மூவர் அமர்ந்த அவையின் தீர்ப்பு அது. காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என்பது அதன் உயிர்நாடி. அவை அரசின் உடைமையும் அல்ல. பணம் படைத்தோரின் உடைமையும் அல்ல. பேச்சுரிமை என்பது பேசுவோனுக்கு மட்டுமின்றிக் கேட்போனுக்கும் காண்போனுக்கும் உரியது என்றும், அலைகளின் ஆட்சி தன்னுரிமை உடைய ஒரு பொது அமைப்பிடம் இருத்தல் வேண்டும் என்றும் நீதிபதிகள் உரைத்தனர்.

இத்தீர்ப்பின் விளைவு இருதிறத்தது. அரசின் தனியாட்சி நீங்கியது. அதனால் காட்சி சந்தைக்கு வந்தது. உடன்நிகழ்வாகக் காண்போனும் சட்டத்தின் கண்ணில் ஓர் உரிமையாளன் ஆயினன். முன்னதை வணிகர் விரைந்து பற்றிக்கொண்டனர். பின்னதற்கு உருவம் கொடுக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

3. பொதுக்காட்சிச் சட்டம்

இந்திய அணி 2004ஆம் ஆண்டில் பாகிஸ்தான் சென்று ஆடியபோது ஒளிபரப்புரிமை டென் ஸ்போர்ட்ஸ் என்னும் தனியார் அலைவரிசையிடம் இருந்தது. கம்பித் தொலைக்காட்சி இல்லாத இல்லங்களின் நிலை என்ன என்னும் வினா பொதுநல வழக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. காட்சியைத் தூர்தர்ஷனோடு பகிர்க என்று அம்மன்றம் ஆணையிட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றபோதும் பகிர்வு நிலைத்தது. ஆயின் உரிமையாளரின் விளம்பரங்களோடும் அடையாளத்தோடுமே அது காட்டப்பெற்றது.

இதனைத் தொடர்ந்து 2007ஆம் ஆண்டில் விளையாட்டு ஒளிபரப்புக் குறிப்பலைகளைப் பிரசார் பாரதியோடு கட்டாயமாகப் பகிரும் சட்டம் இயற்றப்பட்டது. நாட்டுச் சிறப்புடையன என அரசு அறிவிக்கும் போட்டிகளின் நேரடிக் காட்சியை உரிமையாளர் தம் விளம்பரங்களை நீக்கித் தருதல் வேண்டும். தொலைக்காட்சி விளம்பர வருவாயில் நூற்றுக்கு 75 பங்கேனும் உரிமையாளருக்கும் எஞ்சியது பிரசார் பாரதிக்கும் சேரும். இப்பகிர்வின் எல்லையை உச்சநீதிமன்றம் 2017 ஆகஸ்டு 22ஆம் நாள் வரையறுத்தது. பகிரப்பட்ட காட்சியைத் தூர்தர்ஷன் தன் தரைவழி, வானவழி ஒளிபரப்புகளில் காட்டலாம். தனியார் கம்பி நிறுவனங்களின் வழியே செலுத்தலாகாது என்பது அத்தீர்ப்பு.

4. பந்தும் பணயமும்

காட்சி விலைபெற்ற அதே காலத்தில்தான் ஆட்டத்துள் வஞ்சம் புகுந்த செய்திகளும் அடுத்தடுத்து வெளிவந்தன. தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹான்சி குரோனியே சூதாட்டத் தரகரோடு பேசிய தொலைபேசி உரையாடலைத் தில்லிக் காவல்துறை 2000 ஏப்ரலில் வெளிப்படுத்தியது. அவ்வாண்டிலேயே அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. உலகக் கிரிக்கெட் மன்றம் ஊழல் தடுப்புப் பிரிவொன்றை நிறுவியதும் அவ்வாண்டிலேதான்.

அன்று விலைபேசப்பட்டது பெரும்பாலும் ஆட்டத்தின் முடிவு. பத்தாண்டு கழித்து அது மாறியது. இலண்டன் லார்ட்ஸ் களத்தில் 2010 ஆகஸ்டில் பாகிஸ்தான் வீச்சாளர் இருவர் முன்னரே சொல்லிவைத்தபடி எல்லைக் கோட்டைத் தாண்டி மிதித்து மூன்று முறைகேடான பந்துகளை வீசினர். அவ்விருவரும் அணித்தலைவரும் 2011இல் இங்கிலாந்து நீதிமன்றத்தால் சிறைத்தண்டனை பெற்றனர். ஆட்டத்தின் வெற்றி தோல்விக்கும் அப்பந்துகளுக்கும் தொடர்பில்லை. எனினும் அவற்றிற்கு விலை இருந்தது. ஏன்? ஒவ்வொரு பந்தும் உலகெங்கும் காட்டப்படுவதால் ஒவ்வொரு பந்தின்மீதும் பணயம் வைத்தல் இயல்வதாயிற்று. முடிவை மட்டும் மறுநாள் நாளிதழில் அறிந்த தலைமுறையில் இத்தகைய வஞ்சத்திற்கு வாங்குவோர் இரார்.

இந்தியன் பிரீமியர் லீக் போட்டிகளில் 2013 மே திங்களில் வெளிப்பட்ட வழக்கும் இத்தன்மையதே. இவ்வளவு ஓட்டம் தருவேன் என்பதற்கு அடையாளமாக இடுப்பில் துவாலை செருகுதல் முதலிய குறிகள் பேசப்பட்டன எனக் காவல்துறை கூறியது. குறிகளைத் தரகர்க்குக் கொண்டு சேர்த்தது ஒளிபரப்பே என்க. இதன் தொடர்ச்சியாக லோதா குழு 2015 சூலை 14ஆம் நாள் சென்னை, இராசத்தான் அணிகளை இரண்டாண்டு நீக்கிவைத்தது.

ஒளிபரப்பு வஞ்சத்திற்கு வழி செய்தது என்று மட்டும் கூறின் அது ஒருபுடை நோக்காகும். 2018 மார்ச்சில் கேப்டவுன் களத்தில் ஆசுத்திரேலிய வீரர் ஒருவர் பந்தின் மேற்பரப்பை உரசுதாளால் தேய்த்ததைக் கண்டுபிடித்தது நடுவர் அல்லர், தொலைக்காட்சிப் படக்கருவியே. ஆதலின் காட்சி, கள்வனுக்குக் கருவியாகவும் காவலனுக்குக் கண்ணாகவும் ஒருங்கே அமைந்தது எனலே பொருந்தும்.

5. கம்பிவழிக் காட்சியும் காலத்தாழ்வும்

2023 முதல் 2027 வரை ஐந்தாண்டுகட்கு இந்தியன் பிரீமியர் லீக் உரிமைகள் 2022 சூனில் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயின. இந்தியத் துணைக்கண்டத்தின் தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி. அதே நிலப்பரப்பின் இணைய உரிமை, தேர்ந்த சில போட்டிகளின் பங்கும் சேர, 23,758 கோடி. இணையக் காட்சி தொலைக்காட்சியை விஞ்சிய வரலாற்றுக் கணம் இது.

இம்மாற்றத்தால் இல்லத்து இணைய இணைப்பின் தரம் காண்போன் உரிமையின் ஒரு பகுதியாயிற்று. காற்றலை எல்லா வீட்டுக் கூரைக்கும் ஒருபடித்தாக வந்தது. கம்பி அவ்வாறு வருவதன்று. அகன்ற அலைவரிசை என்று இந்தியாவில் பெயர் பெறுவதற்குரிய குறைந்த அளவு 2004இல் நொடிக்கு 256 கிலோபிட்டு. 2013இல் 512 கிலோபிட்டு. 2023இல் தான் 2 மெகாபிட்டு ஆயிற்று. இணைப்பு மெலிந்தால் காட்சியும் தானே தெளிவு குன்றும். இது இணையக் காட்சியின் அமைப்பிலேயே உளது. 2023ஆம் ஆண்டுப் போட்டிகளை உரிமை பெற்ற நிறுவனம் இணையத்தில் கட்டணமின்றிக் காட்டியது உண்மையே. ஆயினும் இணைப்புக்குரிய விலையைக் காண்போனே கொடுத்தான்.

தெளிவினும் நுண்ணியது காலத்தாழ்வு. வானிலுள்ள துணைக்கோளின் வழி வரும் அலை ஏறியிறங்கக் கால் நொடியே கொள்ளும். பிற செயல்களையும் சேர்ப்பினும் தாழ்வு சில நொடிகளே. இணையத்திலோ காட்சி சிறுசிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, அவற்றுள் சில இல்லத்துக் கருவியில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டுப் பின்னரே ஓடும். ஆறு நொடித் துண்டுகள் மூன்று சேரின் பதினெட்டு நொடி கழிந்துவிடும். அண்டை வீட்டில் ஆரவாரம் எழுந்த பின்னரே நம் திரையில் பந்து வீசப்படுவது இதனால்தான்.

களத்தில் இருப்போன், தொலைக்காட்சி காண்போன், இணையத்தில் காண்போன் என மூவர் ஒரே பந்தை மூன்று காலங்களில் காண்கின்றனர். இவ்விடைவெளி சூதாடிக்குப் பொன் விளையும் நிலம். களத்தில் அமர்ந்து கைபேசியில் உடனுக்குடன் செய்தி அனுப்புவோர் துணையால், பிறர் காணாத பந்தின்மீது பணயம் வைக்கும் தொழிலே தோன்றிவிட்டது. பண்டைக் கழகத்தில் கவறு எல்லோர்க்கும் ஒருசேர உருண்டது என்பதை ஒப்பிட்டுக் காண்க.

களமின்றியே காட்சி வாழும் என்பதற்கும் சான்று கிடைத்துள்ளது. குசராத்து மாநிலம் மெகசானா மாவட்டத்து மோலிப்பூர் என்னும் சிற்றூரில் 2022 சூலையில் காவல்துறை ஒரு போலிப் போட்டித் தொடரைக் கண்டுபிடித்தது. கூலியாட்களும் வேலையற்ற இளைஞரும் அணிகளின் உடை அணிந்து வயல்வெளியில் ஆடினர். கூட்டத்தின் ஆரவாரம் இணையத்திலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. யூடியூபில் ஒளிபரப்பாகிய அதனை மெய்யென நம்பி உருசியாவில் பலர் பணயம் வைத்தனர்.

6. வஞ்சிக்கப்பட்டவன் யார்?

கருநாடக உயர்நீதிமன்றம் 2022 சனவரியில் அளித்த தீர்ப்பு ஈண்டு ஆராயத்தக்கது. அம்மாநிலப் போட்டித் தொடரொன்றில் ஆட்டத்தை விலைபேசியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டோர் மீதான வழக்கு அது. அச்செயல் நேர்மையின்மையும் ஒழுக்கக்கேடும் ஆகலாம். ஆயின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு கூறும் ஏமாற்றுதல் ஆகாது. ஏனெனில் மக்கள் தாமே விரும்பி நுழைவுச்சீட்டு வாங்கினர். யாரும் அவர்களைத் தூண்டிப் பொருளைப் பறிக்கவில்லை என்று மன்றம் கருதியது. 2013ஆம் ஆண்டு வழக்கின் குற்றவாளிகளெனப்பட்டோரையும் தில்லி நீதிமன்றம் 2015இல் விடுவித்திருந்தது. ஆட்டத்தை விலைபேசுதலைத் தனிக் குற்றமாக்குக என லோதா குழு 2016இல் பரிந்துரைத்ததன் காரணம் இதனால் விளங்கும்.

சட்டத்தின் சொற்களை நோக்கின் அத்தீர்ப்பைக் குறை கூறுதல் எளிதன்று. ஆயினும் 1995ஆம் ஆண்டின் தீர்ப்போடு அதனை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். முன்னது காண்போனை அலைகளின் உடைமையாளன் என்றது. பின்னதன்படி அவன் வஞ்சனைக்கு ஆளானவனும் அல்லன். 48,390 கோடி ரூபாய் என்பது மட்டைக்கோ பந்துக்கோ கொடுத்த விலையன்று. காண்போன் கண் செலுத்தும் நேரத்திற்குக் கொடுத்த விலை. அந்நேரத்தில் அவன் கண்டது மெய்யான ஆட்டம் அன்று எனத் தெரியவரின், அவன் இழந்தது யாதுமில்லை என்பது பொருந்துமா?

பொதுவுரிமையின் எல்லையும் சுருங்கி வருகின்றது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் கம்பித் தொலைக்காட்சியையும் வானவழித் தொலைக்காட்சியையும் வானொலியையும் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்தியது. இணையத்தை அவ்வாறு சுட்டவில்லை. காட்சி அலையிலிருந்து கம்பிக்குப் பெயருமாயின், அலைகள் மக்களுடையன என்னும் கோட்பாடு மட்டும் காண்போனைக் காத்துவிடாது.

ஆதலின் இருவகைச் சீர்திருத்தம் தேவை. காட்சி எவ்வழி வரினும் நாட்டுச் சிறப்புடைய ஆட்டங்களைக் காணும் பொதுவுரிமை நிலைபெறல் வேண்டும்; ஆட்டத்தை விலைபேசுதல் காண்போனுக்கு இழைத்த தீங்கு எனச் சட்டம் ஏற்றல் வேண்டும். சூது என்னும் ஒரு சொல்லுள் பணயத்தையும் வஞ்சத்தையும் அடக்கிய நம் முன்னோர் அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாதவர் அல்லர். ஒன்று மற்றொன்றுக்கு வாயில் என்பதை உணர்ந்தவர்.