தொலைபேசி பில் வரைந்த வலை: ஃபிடோநெட்டின் அஞ்சல் அமைப்பும் அழைப்புச் செலவும்

1980களின் கணினி வலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஃபிடோநெட்டை இரண்டில் ஒரு விதமாகப் பார்ப்பது வழக்கம். இணையம் பொதுமக்களுக்கு எட்டாதிருந்த காலத்தில் ஆர்வலர்கள் கைக்காசு போட்டுக் கட்டிய மாற்று வலை என்பார்கள் சிலர். அதைத் தொடங்கியவரும் அதிகாரம் என்றாலே ஆகாதவருமான டாம் ஜென்னிங்ஸின் கொள்கை எடுத்த உருவம் என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த வலையை நடத்தியவர்களின் வீட்டுக்கு மாதந்தோறும் தவறாமல் வந்த ஒன்றை இரு தரப்பும் கணக்கில் எடுப்பதில்லை: தொலைபேசி பில். ஃபிடோநெட்டின் முகவரி முறை, அஞ்சல் நேரம், உட்பூசல் ஆகிய மூன்றுக்கும் வேர் தொலைபேசிக் கட்டண விதிகளில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கான சான்றைக் கொள்கை ஆவணங்களில் மட்டும் தேடினால் போதாது. மென்பொருளின் அமைப்புக் கோப்புகளையும் திறந்து பார்க்க வேண்டும்.

அன்றைய அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு உள்ளூர் அழைப்பு மாத வாடகையிலேயே அடங்கிவிடும். மணிக்கணக்கில் பேசினாலும் தனிக் கட்டணம் இல்லை. வெளியூர் என்றால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஏறும். இரவு பதினொரு மணிக்கு மேல் அது பகல் கட்டணத்தில் பாதிக்கும் கீழே இறங்கும். கால்பங்குக் கட்டணத்துக்காக எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்திருந்த தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தொடங்கிய முதல் புல்லட்டின் போர்டுக்குப் (மோடம் வழியே அழைத்துக் கடிதம் எழுதவும் படிக்கவும் உதவும் கணினி) பின் ஊர் ஊராகப் போர்டுகள் முளைத்தன. ஆனாலும் அவை ஒவ்வொன்றும் தன் ஊருக்குள்ளேயே அடங்கிக் கிடந்ததற்கு இந்தக் கட்டணமே காரணம். உள்ளூர்க்காரருக்கு இலவசம்; அடுத்த மாநிலத்தவருக்குச் செலவு.

1984இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜென்னிங்ஸும் பால்டிமோரில் ஜான் மாடிலும் ஜென்னிங்ஸின் ‘ஃபிடோ’ மென்பொருளில் ஓடிய தங்கள் போர்டுகளை ஒன்றையொன்று அழைக்க வைத்தார்கள். பகலெல்லாம் சேர்ந்த கடிதங்களைக் கட்டணம் குறைந்த நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்தில் ஒரே அழைப்பில் கைமாற்றுவதுதான் திட்டம். யோசனை பிடித்துப்போய்ப் பலர் சேர்ந்தார்கள். சேரச் சேரச் சிக்கலும் வளர்ந்தது. செயின்ட் லூயிஸில் உள்ள ஐந்து போர்டுகளுக்கு ஐந்து கடிதங்கள் போக வேண்டுமென்றால் ஐந்து வெளியூர் அழைப்புகள் தேவைப்பட்டன. 1985இல் அதே செயின்ட் லூயிஸைச் சேர்ந்த கென் கப்லானும் பென் பேக்கரும் ஜென்னிங்ஸுடன் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஊருக்கு ஒரு ‘நெட்’, நெட்டுக்கு ஒரு ‘ஹோஸ்ட்’. வெளியிலிருந்து வரும் கடிதக் கட்டை ஹோஸ்ட் ஒரே அழைப்பில் வாங்கி, இலவச உள்ளூர் அழைப்புகளில் பிரித்துக் கொடுத்துவிடும். 100/255 (நெட் எண்/போர்டு எண்) போன்ற முகவரிகள் பிறந்தது இப்படித்தான்.

கணினியியல் மாணவர் இதை ஒரு படிநிலை முகவரி அமைப்பு என்று படித்துவிட்டுப் போகலாம். உண்மையில் இது கட்டண எல்லைகளை எண்ணாக எழுதிய வரைபடம். 1989இல் வெளிவந்த ‘பாலிசி 4’ என்ற விதித்தொகுப்பும் இதை மறைக்கவில்லை. நெட் என்பது அழைப்பதற்கு வசதியான தொலைபேசிப் பரப்பைக் கொண்டே பெரும்பாலும் வரையறுக்கப்படும் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது.

இனி அமைப்புக் கோப்புக்கு வருவோம். வாராவாரம் புதுப்பிக்கப்பட்ட ‘நோடுலிஸ்ட்’டில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு வரி: எண், பெயர், ஊர், நடத்துபவர் பெயர், தொலைபேசி எண், மோடம் வேகம், பிற குறிகள். தொலைபேசி எண் நாட்டுக் குறியீட்டோடு முழுமையாக இருக்கும். அதை அப்படியே சுழற்றினால் உள்ளூர் அழைப்புக்கூட வெளியூர் அழைப்பாகிவிடக்கூடும். எனவே ‘சிசாப்’ எனப்பட்ட போர்டு நடத்துநர் எண்மாற்று அட்டவணை ஒன்றைத் தன் கையால் எழுதியாக வேண்டும். செயின்ட் லூயிஸ்காரர் என்றால் 1-314 என்று தொடங்கும் எண்களில் எவை தமக்கு உள்ளூர் என்று பார்த்து, அவற்றின் முன்னொட்டை நீக்கச் சொல்லி, எதிரே செலவு சுழியம் என்று எழுதுவார். 1- என்று தொடங்கும் மற்றவற்றுக்கு ஒரு தொகை, வெளிநாட்டு எண்களுக்கு அதைவிடப் பெரிய தொகை. பிறகு ஃபிரன்ட்டோர், பிங்க்லிடெர்ம் போன்ற அஞ்சல் மென்பொருள்களின் நிகழ்வுப் பட்டியலில் எந்த மணிக்கு எந்தச் செலவு வரை அழைக்கலாம் என்று கட்டளையிடுவார். பகலில் சுழியச் செலவு எண்கள் மட்டும், நள்ளிரவில் மற்றவை. அட்டவணையில் ஒரு முன்னொட்டுப் பிசகினால் அது மாதக் கடைசியில் பில்லில் தெரியும்.

இந்தக் கணக்கு கடிதத்துக்குள்ளும் புகுந்தது. வலையின் அடிப்படைத் தொழில்நுட்ப வரையறையில், ஒவ்வொரு கடிதத்தின் தலைப்புப் பகுதியிலும் ‘செலவு’ என்று ஒரு புலம் உண்டு. அனுப்புபவர் நாட்டு நாணயத்தின் மிகச் சிறிய அலகில் அதை எழுத வேண்டும். ஃபிடோ மென்பொருளில் பயனருக்கு வரவு-பற்றுக் கணக்கே இருந்தது. வெளியூர்க் கடிதம் எழுதினால் அதிலிருந்து காசு கழியும்.

யார் தலையில் செலவு விழும் என்பதையும் குறிகளே முடிவு செய்தன. ‘கிராஷ்’ என்று குறித்தால் அனுப்புபவரின் போர்டு நேரம் பாராமல் உடனே அழைக்கும்; காசு அனுப்புபவருடையது. ‘ஹோல்டு’ என்று குறித்தால் கடிதம் அங்கேயே கிடக்கும். பெறுபவர் அழைத்து எடுத்துக்கொள்ள வேண்டும், காசும் அவருடையதே. பிங்க்லிடெர்மில் 100/255க்குப் போகும் கடிதக் கட்டின் கோப்புப் பெயர் 006400FF. முகவரியின் பதினாறடிமான வடிவம் அது. அதன் பின்னொட்டு ‘சி.யு.டி.’ என்றால் கிராஷ், ‘எச்.யு.டி.’ என்றால் ஹோல்டு. ஓர் எழுத்து மாறினால் பில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறிவிடும்.

அஞ்சல் நேரத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும். வட அமெரிக்க மண்டலத்தில் சர்வதேச நேரப்படி காலை 9 முதல் 10 வரை எல்லா உறுப்பினரும் அஞ்சலுக்குத் திறந்திருக்க வேண்டும். மனிதர்கள் அழைத்து உள்ளே வர இடமில்லை. குளிர்காலத்தில் அது சான் பிரான்சிஸ்கோவில் இரவு ஒரு மணி, நியூயார்க்கில் நான்கு மணி. வேறு எதிலும் ஒத்துப்போகாத இந்த வலை இந்த ஒரு விதியில் மட்டும் கறாராக நின்றது.

இந்த வாதத்துக்கு எதிராக ‘எக்கோமெயில்’ வந்து நிற்கிறது. டாலஸில் ஜெஃப் ரஷ் உருவாக்கிய இந்தப் பொது விவாத முறை 1986 முதல் வேகமாகப் பரவியது. ஒருவர் எழுதியது நூற்றுக்கணக்கான போர்டுகளுக்குப் போனது. செலவே எல்லாவற்றையும் ஆட்டிவைத்தது என்றால், இவ்வளவு செலவு வைக்கும் ஒன்றை ஏன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள்? பேசும் ஆசை கட்டணத்தை வென்றது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வென்ற விதத்தைக் கவனிக்க வேண்டும். கடிதக் கட்டுகளைச் சுருக்கி அனுப்பினார்கள். நொடிக்கு 240 எழுத்து அனுப்பும் 2400 வேக மோடத்தில் ஒரு லட்சம் எழுத்துக்கு ஏழு நிமிடம். 9600 வேகத்தில் இரண்டு நிமிடம்கூட ஆகாது. யூ.எஸ். ரோபோட்டிக்ஸ் தன் வேக மோடங்களைச் சிசாப்களுக்குத் தள்ளுபடியில் கொடுத்தது. மாதம் 25 டாலருக்கு இரவு நேர இணைப்புத் தந்த ‘பிசி பர்சூட்’ சேவையில் பலர் சேர்ந்தார்கள். எஞ்சிய செலவை நெட்டுக்குள் பங்கு போட்டார்கள். பங்கு தராதவருக்கு எக்கோ உண்டா, ஹோஸ்ட் காசு கேட்கலாமா என்ற சண்டைகள் தொடங்கியதும் இங்கேதான். தத்துவச் சண்டையாகப் பதிவான பலவும் அடியில் பில் சண்டைகளே.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இந்த வாதத்துக்கு ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. உள்ளூர் அழைப்புக்கும் மீட்டர் ஓடிய மேற்கு ஐரோப்பிய நாடுகளில், போர்டில் அமர்ந்து படிப்பதைவிடக் கட்டை ஒரே மூச்சில் இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படிக்கும் ‘பாயின்ட்’ முறை அமெரிக்காவைவிட அதிகம் செழித்தது. உள்ளூர் அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லாத மாஸ்கோவில் ஃபிடோ 1990களில் பெரிதாக வளர்ந்து நெடுநாள் தாக்குப்பிடித்தது. நிரல்களும் விதிகளும் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மாறியது கட்டணம், அதனோடு பழக்கம்.

நோடுலிஸ்ட்களையும் ஃபிடோநியூஸ் இதழ்களையும் பலர் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிசாப்பும் தன் ஊருக்கென்று எழுதிய செலவு அட்டவணைகளும் நிகழ்வுப் பட்டியல்களும் அதே அளவு முக்கியமான ஆவணங்கள். பழைய பிளாப்பி டிஸ்க்குகள் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தூக்கிப்போடுமுன் அந்தச் சின்னக் கோப்புகளையும் ஆவணக் காப்பகங்களுக்குக் கொடுத்துவிடுவது நல்லது.