கடலடியில் ஒரு கம்பி

சிங்கப்பூர் சென்றுள்ள அண்ணன் கைபேசியில் முகம் காட்டிப் பேசுகையில், அப்பேச்சு எவ்வழியாக வருகிறது? வகுப்பில் நான் இதனைக் கேட்டபோதெல்லாம் பிள்ளைகள் வானத்தையே காட்டினர். உண்மையில் அதன் பெரும்பகுதி கடலடியில் கிடக்கும் வடங்களின் வழியே வருகிறது. அவ்வழி புதிதன்று.

1858இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து முதற் கம்பி இடப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு விடுத்த 98 சொற்கள் போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று! சில வாரங்களில் அக்கம்பியும் பழுதுற்றது. ஆயினும் முயற்சி நிற்கவில்லை. 1870இல் பம்பாய் செங்கடல் வழியாக இங்கிலாந்துடன் இணைந்தது. 1871இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கம்பித் தொடர்பு ஏற்பட்டது. மின்சாரம் கடல்நீரில் கசியாமல் காத்தது கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். அம்மரம் மலாய்க் காடுகளில் வளர்வது. நம்மவரைக் கூலிக்கு அழைத்த நாடே, கம்பிக்கு உறையும் தந்தது எனலாம்.

ஆனால், அதில் பேசியவர் யார்? சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். அரசாங்கமும் பெருவணிகருமே அதனைக் கொடுக்க வல்லவர். வணிகரும் சிக்கனம் கருதி, ஒரு நீண்ட வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கும் குறியீட்டு நூல்களை வைத்திருந்தனர். ரப்பர்த் தோட்டத்தில் உழைத்தவனுக்கோ கடிதமே கதி. எழுத்தறியாதவனாயின் பிறரைக் கொண்டு எழுதுவிக்க வேண்டும். அக்கடிதம் கப்பலேறி ஊர் வந்தபின், படித்துக் காட்ட ஒருவரைத் தேட வேண்டும். அயலார் இருவரைக் கடந்தே கணவன் சொல் மனைவியை அடைந்தது! அத்தகைய வீட்டுக்குத் தந்தி வந்தால், உறையைப் பிரிக்கு முன்னரே அழுகை எழுந்ததை என் இளமையில் கண்டிருக்கிறேன். இக்காத்திருப்பைப் பாடநூல்கள் எழுதாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

குரல் கடல் கடந்தது பின்னர்தான். 1927இல் இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வானொலித் தொலைபேசி தொடங்கியபோது, மூன்று நிமிடப் பேச்சுக்குக் கட்டணம் 15 பவுன். 1956இல் அட்லாண்டிக்கடியில் தொலைபேசி வடம் அமைந்தது. ஒரே வேளையில் 36 உரையாடல்கள் அதில் நடைபெற்றன.

நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15இல் திறக்கப்பட்டது. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே, சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழை வடம் இடப்பட்டது. 1871இன் கம்பி கிடந்த அதே வங்கக் கடல்தான்! 2013 ஜூலையில் தந்திச் சேவை மூடப்பட்டது. இன்று கட்டட வேலைக்குச் சென்றவரும் இரவில் மனைவியை அழைத்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறார். தந்திக் காலத்தில் அந்த ஒரு சொல்லுக்கு எவரும் காசு கட்டியிருக்க மாட்டார்.